அரைப் பேர், முழுப் பேர்: வருடங்களை எண்ணிய சட்டங்களின் கதை

போன விடுமுறையில் எங்களுக்கு ஒரு ஒப்படை தந்திருந்தார்கள். அவரவர் ஊரின் பெயர் எப்படி வந்தது, யார் யார் எப்போது வந்து குடியேறினார்கள் என்று வயதானவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். கலைப்பீடத்தில் எங்கள் வகுப்பில் புதுக்குடியிருப்புப் பக்கத்தவர்கள் நாலு பேர் இருக்கிறோம். லேசான வேலை என்றுதான் நினைத்தோம். ஊரின் பெயரிலேயே 'புது' இருக்கிறது, 'குடியிருப்பு'ம் இருக்கிறது. ஆரோ ஒருநாள் புதுசாக வந்து இருந்திருக்க வேண்டும். ஆர், எப்ப என்று கேட்டால் சரி.

கேட்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது, 'எப்ப வந்தனீங்கள்?' என்பது அவ்வளவு லேசான கேள்வி இல்லை என்று. "நாங்கள் பரம்பரையா இஞ்சதான்" என்று சொன்னவர்கள் அடுத்த வசனத்திலேயே, "அங்கால ஒழுங்கையில இருக்கிறவை எழுபத்தேழில வந்தவை" என்று கையைக் காட்டினார்கள். அந்த ஒழுங்கைக்கும் போனோம். அங்கே எண்பது தாண்டிய ஓர் ஆச்சி பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்: "நாங்க வந்து நாப்பத்தெட்டு வருசமாச்சு புள்ள. இன்னும் வந்தவங்கதான்."

அவரிடம் ஒரு பிஸ்கட் ரின் இருந்தது. 2009இல் உடையார்கட்டுக்கும் அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்கும் பிறகு மெனிக் பாமுக்கும் அவரோடு போய்த் திரும்பி வந்த ரின். அதற்குள் மிஞ்சியிருந்த கடதாசிகளில் ஒன்று அவருடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ். அவர் பிறந்தது 1944இல், பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். சான்றிதழ் கிடைத்தபோது அவருக்கு வயது அறுபது. பிறந்த நாட்டின் பிரஜை ஆவதற்கு அறுபது வருடம் ஏன் பிடித்தது? எங்கள் ஒப்படை அந்த இடத்தில் திசைமாறியது. இந்தக் கட்டுரை அதன் மிச்சம்.

ஏழு வருடம், பத்து வருடம்

1948 நவம்பர் 15இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். தோட்டத்து லயன்களில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் பாட்டனின் பிறப்புப் பதிவு இருந்திருக்கும்? 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 780,000 பேராக இருந்த ஒரு சமூகத்தின் பெரும்பகுதி இந்தச் சட்டத்தோடு நாடற்றதாகிப் போனது.

அவர்களுக்காக என்று சொல்லி அடுத்த வருடம் இன்னொரு சட்டம் வந்தது: 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். பரம்பரையைக் காட்ட முடியாவிட்டால், இங்கே வாழ்ந்த வருடங்களைக் காட்டுங்கள் என்றது. பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் எண்ணிய விதத்தைக் கவனிக்க வேண்டும்.

மணமானவர் என்றால் 7 வருடம், மணமாகாதவர் என்றால் 10 வருடம் இடைவிடாமல் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். அந்த 7 அல்லது 10 வருடமும் 1946 ஜனவரி 1க்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு விண்ணப்பிக்கும் நாள் வரையும் இங்கேயே இருந்திருக்க வேண்டும். ஒரு தடவை நாட்டைவிட்டுப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கணக்கு. மனைவியும் வயதுவராத பிள்ளைகளும்கூட இங்கேயே இருந்ததாகக் காட்ட வேண்டும். போதிய வருமானமும் இருக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம், 1951 ஓகஸ்ட் 5 வரை.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணமான ஒருவர் 1940இல் வந்து தேயிலைக்கு உரம் போடத் தொடங்கினார் என்று வைப்போம். 1951இல் விண்ணப்பம் கொடுக்கும்போது அவர் இங்கே 11 வருடம் இருந்துவிட்டார். ஏழைவிட நாலு கூட. ஆனால் 1946 ஜனவரி 1இல் அவருக்கு ஏழு வருடம் நிரம்பியிருக்கவில்லை. ஆகவே அவருக்குத் தகுதி இல்லை. இன்னும் இருபது வருடம் இருந்தாலும் தகுதி வராது, ஏனென்றால் எண்ண வேண்டிய காலம் முடிந்துபோன காலம். சட்டம் பிறந்தது 1949இல், அது கேட்டது 1939இல் எங்கே இருந்தாய், 1936இல் எங்கே இருந்தாய் என்று.

சாதாரணமாக வதிவிடக் கணக்கு என்றால் இன்றைக்குத் தகுதி இல்லாதவர் பொறுத்திருந்து நாளைக்குத் தகுதி பெறலாம். இந்தச் சட்டத்தில் பொறுத்திருப்பதற்குப் பலனே இல்லை. உள்ளே இருந்தவர்களை வடிகட்டி, வடியில் நின்றவர்களுக்கு இனி வேறு வழியும் இல்லை என்று சொல்வதற்கு எழுதிய கணக்கு இது.

இப்படி எண்ணுவது 1949இல் திடீரென்று வந்ததும் இல்லை. 1928இல் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது, வெளியிலிருந்து வந்தவர்களுக்கு 5 வருட வதிவிடம் போதும் என்றது. அதைக்கூட அன்றைய சிங்களத் தலைவர்கள் அப்படியே ஏற்கவில்லை, இன்னும் நிபந்தனைகளைச் சேர்க்க வைத்தார்கள். சுதந்திரத்தை ஒட்டி டி. எஸ். சேனநாயக்காவும் நேருவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலும் எத்தனை வருடம், எந்தத் தேதியிலிருந்து என்பதே பேச்சாக இருந்தது. ஐந்து ஏழாகி, ஏழு பத்தாகியபோது அதற்கு நடுவில் இருந்தவர்கள் மனிதர்கள்.

பதின்மூன்று மாதம்

ஆச்சியின் தகப்பனும் விண்ணப்பம் போட்டவர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனோடு வந்தவர். ஏழு வருடம் என்ன, இருபது வருடம் கேட்டாலும் காட்டியிருக்கலாம். ஆனால் 1947 சித்திரையில் தாய்க்குக் கடுமை என்று திருச்சிப் பக்கத்து ஊருக்குப் போனார். தாய் இறந்து, காரியம் முடிந்து, இருந்த துண்டுக் காணியில் பங்காளிகளோடு பிரச்சினைப்பட்டு, திரும்பி வரும்போது 1948 வைகாசி. பதின்மூன்று மாதம். விசாரணையில் அதைத்தான் கேட்டார்கள் என்று ஆச்சி சொல்கிறார். பன்னிரண்டு மாதம் என்ற ஒரு விதி இருப்பது அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்திருக்கவும் முடியாது, அவர் போய் வந்த பிறகுதான் அந்த விதியையே எழுதினார்கள்.

நிராகரித்த கடிதம் இப்போது ஆச்சியிடம் இல்லை. இதெல்லாம் அவருடைய ஞாபகம். ஆனால் ஒன்றைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறியது. "எங்கப்பா ஒரு நாள் வேலைக்குப் போகலன்னா செக்ரோல்ல தெரியும். கொழுந்து குறைஞ்சா அரைப் பேரு. எல்லாத்தையும் எழுதி வச்சிருந்தாங்க. அரைப் பேரு போடத் தெரிஞ்சவங்களுக்கு முழு வருசம் போடத் தெரியல."

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. சொன்ன அளவு கொழுந்து பறிக்காவிட்டால் அரைப் பேர், அரை நாள் சம்பளம். அதாவது அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் எங்கே நின்றார் என்பது அரை நாள் துல்லியத்தில் ஒரு கொப்பியில் இருந்தது. அந்தக் கொப்பி துரையின் கந்தோரில் இருந்தது. வருடங்களை நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் எழுத்தறியாத தொழிலாளியிடம் விடப்பட்டது.

இலங்கை இந்திய காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. பிறகு முடிவை மாற்றியபோது அவகாசத்தில் நிறையக் கரைந்திருந்தது. கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. மொத்தம் ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள், அவற்றுக்குள் ஏறத்தாழ 825,000 பேர். பத்துப் பன்னிரண்டு வருடம் விசாரித்து முடித்தபோது பிரஜைகள் ஆனவர்கள் 134,000 பேரளவில். ஆறு பேரில் ஒருவர். 1947 பாராளுமன்றத்தில் மலையகத் தொழிலாளரின் வாக்கால் போன உறுப்பினர்கள் இருந்தார்கள். 1952 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை.

எங்கள் தொகுதிக்காரர் என்ன செய்தார்?

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லவேண்டும். அப்போது முல்லைத்தீவு தனித் தொகுதி இல்லை, வவுனியாத் தொகுதிக்குள் இருந்தது. அதன் உறுப்பினர் சி. சுந்தரலிங்கம், சேனநாயக்காவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக இருந்தவர், அடுத்த மசோதா வந்தபோது வாக்களிப்பில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கினார். பிரதமர் விளக்கம் கேட்டார். 1948 டிசெம்பரில் பதவியை விட்டார்.

ஜி. ஜி. பொன்னம்பலம் எதிர்த்திசையில் போனார். முதல் சட்டத்தை எதிர்த்து வாக்களித்துவிட்டு, அமைச்சரானபின் இரண்டாவது சட்டத்தை ஆதரித்தார். இதிலே அவரோடு முரண்பட்டுப் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இந்தக் கதையை நாங்கள் பாடசாலையில் 'தமிழரசுக் கட்சியின் தோற்றம்' என்று பாடமாக்கினோம். கட்சி தோன்றிய கதை ஞாபகம் இருக்கிறது. பிரஜாவுரிமை இழந்தவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்பது எங்கள் குறிப்புக் கொப்பியில் ஒரு வரிகூட இல்லை.

நடந்தது இதுதான். 1964 ஒக்ரோபர் 30இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். இந்த முறை வருடங்களை எண்ணவில்லை, தலைகளை எண்ணினார்கள். நாடற்றவர்கள் 975,000 பேர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டு, 1974இல் ஸ்ரீமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். எங்கே இருக்க விருப்பம் என்று அந்த மனிதர்களைக் கேட்டு வந்த எண்ணிக்கைகள் இல்லை இவை.

ஓடிய காலத்தை எப்படி எண்ணுவது?

1970களின் தொடக்கத்தில் தோட்டங்களில் பஞ்சம். 1977 ஓகஸ்டில் கலவரம். ஆச்சியின் குடும்பம் அந்த ஓகஸ்டில்தான் கிளம்பியது. அப்படி வந்த ஆயிரக்கணக்கானோர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளை வெட்டிக் குடியேறினார்கள். டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் அமைப்பு இவர்களில் பலருக்குக் கைகொடுத்தது. இருவரும் 1983 ஏப்ரலில் கைதானார்கள். அந்த யூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டொலர் பாம், கென்ற் பாம் காணிகளில் குடியேறியவர்கள் 1984இல் விரட்டப்பட்டார்கள். வேறு பலர் கடலைத் தாண்டினார்கள். இங்கே நின்றவர்கள் 1990களிலும் 2009இலும் எல்லோரோடும் சேர்ந்து ஓடினார்கள்.

பிரஜாவுரிமைச் சட்டங்கள் பின்னால் பின்னால் வந்தன, 1986இல், 1988இல், கடைசியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 2003 சட்டத்திலும் வதிவிடக் கணக்கு உண்டு. ஒப்பந்தம் கைச்சாத்தான 1964 ஒக்ரோபர் 30இலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசிப்பவர், அல்லது அப்படிப்பட்டவரின் சந்ததி. ஆனால் 1949 போல் ஒவ்வொரு வருடத்துக்கும் கடதாசி கேட்டுக் கொல்லவில்லை. பத்து நாள் நடமாடும் சேவையில் 190,000 பேர் பிரஜைகள் ஆனார்கள் என்று ஐ.நா. அகதிகள் அமைப்பு பதிந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் விசாரித்து 134,000, பத்து நாளில் 190,000. மனம் இருந்தால் கணக்கு எவ்வளவு கெதியாக முடியும் என்று பாருங்கள்.

அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. கலவரத்துக்கும் சண்டைக்கும் பயந்து இந்தியாவுக்கு ஓடியவர்கள் 'நிரந்தரமாக வசிப்பவர்கள்' ஆவார்களா? 2009ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதற்குப் பதில் சொன்னது. சூழ்நிலையால் இந்தியாவுக்குப் போக நேர்ந்தவர்களின் இல்லாமை அவர்களுக்கு எதிராக எண்ணப்படாது. புதுக்குடியிருப்புச் சனம் மாத்தளன் பக்கம் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டில், ஓடிய காலம் வதிவிடத்தை முறிக்காது என்ற கருத்து இந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. பிறகு 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் பழைய இடத்து வாக்காளர் இடாப்பில் பதிய வழி செய்தது. ஆச்சியின் தகப்பன் தாயின் சாவுக்குப் போன பதின்மூன்று மாதத்துக்கு 1951இல் கிடைக்காத இரக்கம், அறுபது வருடம் கழித்து வேறு ஆட்களுக்குக் கிடைத்தது.

அக்கரையில்

தமிழ்நாட்டுக் கரையில் மண்டபம் முகாம் இருக்கிறது. தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில் தொழிலாளரைத் தடுத்து வைத்துப் பரிசோதித்து ஏற்றிய இடம். ஒப்பந்தத்துக்குப் பிறகு 'தாயகம் திரும்பியவர்கள்' வந்து இறங்கிய பக்கம். 1983க்குப் பிறகு அகதி முகாம். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் அந்த மணலில் கால் வைத்திருக்கக்கூடும், ஒவ்வொரு முறையும் வேறு பெயரோடு.

இந்தியச் சட்டப்படி, இந்திய வம்சாவளியினர் ஒருவர் 7 வருடம் அங்கே வசித்தால் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். மற்றவர்களுக்கு 14 வருடத்தில் 11 வருடமும், விண்ணப்பத்துக்கு முந்திய 12 மாதமும். ஆனால் உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அவருக்கு எந்த வருடமும் கணக்கில் இல்லை. படகில் ஓடி வந்தவரிடம் என்ன ஆவணம் இருக்கும்? முகாமில் முப்பது வருடம் இருந்தாலும் பூச்சியம். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் உள்ள மலையக வம்சாவளியினர் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 யூனில் அவர்கள் விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் டிசெம்பரில் இந்தியப் பாராளுமன்றம் மூன்று நாடுகளிலிருந்து வந்த, குறிப்பிட்ட சமயத்தவர்களுக்கு மட்டும் 11 வருடத்தை 5 ஆகக் குறைத்தது. அந்த மூன்று நாடுகளில் இலங்கை இல்லை.

கனடாவிலுள்ள எங்கள் சொந்தக்காரரும் நாள் எண்ணித்தான் பிரஜை ஆனார்கள். இப்போதைய விதி, ஐந்து வருடத்துக்குள் 1,095 நாள். நிரந்தர வதிவிடம் கிடைக்கும் முன் மாணவராகவோ, வேலை அனுமதியிலோ, அகதியாக ஏற்கப்பட்டோ அங்கே இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக எண்ணப்படும், 365 நாள் வரை. இதை நாங்கள் ஆச்சிக்குச் சொன்னோம். சிரித்தார். "அங்கயும் அரைப் பேருதானா?"

ஆனால் அந்த அரைப் பேருக்கும் தோட்டத்து அரைப் பேருக்கும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே அரையும் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் முழுசாகும், எந்த நாளில் என்று முன்னமே தெரியும். 1949 சட்டத்தில் முழு வருடங்கள்கூடச் சேரவில்லை. எண்ணுவது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு நாடு ஏதோ ஒரு கணக்கு வைக்கத்தான் செய்யும். எங்கிருந்து எண்ணுவது, எதை முறிவு என்பது, கொப்பி யார் கையில், எண்ணி முடியும் நாள் என்று ஒன்று இருக்கிறதா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

எங்கள் கொப்பி

இந்தக் கேள்விகளை அரசாங்கத்திடம் கேட்டுவிட்டு எழும்பிப் போக எங்களால் முடியவில்லை. வன்னியில் எழுதாத கொப்பி ஒன்று இருக்கிறது. கோயில் நிர்வாகத்துக்கு ஆள் தெரியும்போது அது திறக்கும். கலியாணம் பேசும்போது திறக்கும். "அவை எப்ப வந்தவை?" எழுபத்தேழில் வந்து காடு வெட்டிக் கிணறு தோண்டியவர்களில் பலருக்கு இன்னும் காணிக்குப் பெர்மிற் இல்லை. எங்கள் வகுப்பில் படித்த ஒருத்திக்குத் தன் பாட்டியின் ஊர்ப் பெயரைச் சொல்ல ஏ.எல். முடியும்வரை வெட்கமாக இருந்தது. 'தோட்டக்காட்டு' என்ற சொல் விளையாட்டு மைதானத்தில் பறந்ததை நாங்களும் கேட்டிருக்கிறோம். எங்களில் சிலர் சொல்லியும் இருக்கிறோம். அதை மறைக்க வேண்டியதில்லை.

2009இல் எங்கள் எல்லோருடைய வதிவிடமும் முறிந்தது. பிறப்புப் பதிவு, காணி உறுதி, கூப்பன் மட்டை எல்லாம் போனது. மெனிக் பாமிலிருந்து 2012இல் கடைசிச் சனம் வெளியேறும் வரை 'நீ எந்த ஊர், என்ன அத்தாட்சி?' என்ற கேள்விக்கு முன்னால் நாங்களும் நின்றோம். அப்போது ஆச்சி எங்களுக்கு முன்னுக்கு நின்ற வரிசையில் நின்றார், தன் ரின்னோடு. அந்தக் கேள்வி அவருக்குப் புதுசில்லை.

ஒப்படையில் 'ஊருக்கு வந்தோர்' என்று ஒரு அட்டவணை போடச் சொல்லியிருந்தார்கள், பெயர், வந்த ஆண்டு, வந்த இடம் என்று மூன்று நிரலோடு. நாங்கள் எல்லாக் குடும்பத்தையும் அந்த ஒரே அட்டவணைக்குள் போட்டோம். எங்கள் குடும்பங்களையும்தான். பரம்பரை என்று சொன்னவர்களிடம் "சரி, பரம்பரை எப்ப வந்தது?" என்று கேட்டோம். சிலர் சிரித்தார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாம் நிரல் வெறுமையாகத்தான் கிடந்தது.

ஆச்சியின் வரியில் மட்டும் மூன்று நிரலும் நிரம்பியிருந்தன.